வர்ணம் வராதவள் இசைச் சிகிச்சை படிக்கலாமா?

மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது டிப்ளமோ. சங்கீதத்தோடு உறவு, சண்முகானந்தா அரங்கின் பின்வரிசை நாற்காலியோடு சரி. ஆனாலும் இதை எழுதத் தூண்டியவள் என் பேத்தி.

மூன்று வருஷத்துக்கு முன் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. தண்ணீர் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. ஒருநாள் பேத்தி பழைய தாலாட்டு ஒன்றை முணுமுணுக்க, பாட்டி சொல் பிசகாமல் கூடவே பாடினாள்! அன்று முதல் பேத்திக்கு ஒரே எண்ணம்: இசைச் சிகிச்சையில் பட்டம் பெற வேண்டும். "சரளி வரிசையோடு பாட்டு கிளாஸை விட்டவளுக்கு இது எதற்கு?" என்கிறான் என் மகன்.

பாட்டி பாடியது மாயமல்ல. பேச்சுக்குப் பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பாகம்தான் ஆதாரம். பாட்டுக்கு வலப்பாகமும் கைகொடுக்கிறது. இதை வைத்தே 1973-ல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், சொற்களை ராகமாக இழுத்துப் பேசப் பழக்கும் முறையை வகுத்தார்கள். 2011-ல் தலையில் குண்டடிபட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் காப்ரியேல் கிஃபர்ட்ஸ் பேச்சை மீட்டதிலும் இசைச் சிகிச்சைக்குப் பங்குண்டு.

அமெரிக்காவில் இதற்கான பட்டப்படிப்பு 1944-லேயே மிச்சிகனில் தொடங்கியது. அங்கு இதில் சேரப் பொதுவாகப் பாடியோ வாசித்தோ காட்ட வேண்டும். குறைந்தது 1200 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் உண்டு. ஆகவே இசை தெரியாமல் முடியாது. மகன் சொல்வதில் பாதி நியாயம்.

மறுபாதியை என் தொழில் சொல்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையிலேயே விரிசலைக் கண்டுபிடிக்கும் தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்தக் காது பிறவியில் வந்ததல்ல; தட்டித் தட்டிப் பழகியது. பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பழகாதா?

இன்னொன்று. தாராவியில் படுத்திருக்கும் திருநெல்வேலிப் பெரியவரைத் தொடுவது கல்யாணி ஆலாபனையாக இருக்க வேண்டியதில்லை. அவர் இளமையில் கேட்ட சினிமாப் பாட்டாக இருக்கலாம். கச்சேரி வித்வானும் அதை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெற்றோர்களே, அரங்கேற்றம் இல்லை என்றால் சங்கீதமே இல்லை என்று பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள். குறுக்குவழியில் சான்றிதழும் தேடாதீர்கள். குரலும் ஒரு வாத்தியமும் இரண்டு வருஷம் ஒழுங்காகக் கற்ற பிறகு முடிவு செய்யட்டும்.

என் பேத்தி செம்பூரில் மறுபடி பாட்டு கிளாஸில் சேர்ந்துவிட்டாள். பாட்டியும் இப்போது "காபி" கேட்கிறாள், கொஞ்சம் ராகத்தோடு.