ஏலத்தில் நம் பாட்டனும் பாட்டியும்!

வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில், இரவு ஷிப்டு முடித்து வந்த தோழர் ஒருவர் தமது கைபேசியில் ஒரு படத்தை நம்மிடம் காட்டினார். நூறு வருஷத்துக்கு முந்தைய தபால் அட்டை. இடுப்பில் ஒரு முழத் துண்டு, தலையில் கூடை, எலும்பு தெரியும் மார்பு. அடியில் இங்கிலீஷில் இரண்டே சொல்: "தமிழ்க் கூலி". ஆளின் பெயர் இல்லை. ஊர் இல்லை. ஆனால் பக்கத்திலேயே விலை போட்டிருக்கிறது!

"இது யாருடைய பாட்டன், தோழரே?" என்று கேட்டார் அவர். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இது ஒரே ஒரு அட்டையின் கதையல்ல. 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், கொழும்பில் பிளாத்தே போன்ற கம்பெனிகள் இப்படிப்பட்ட அட்டைகளை அச்சடித்து விற்றன. தேயிலை பறிக்கும் பெண், பல்லக்குத் தூக்கி, துரை வீட்டுச் சமையல்காரன் எல்லோரும் படமானார்கள். துரைகளும் துரைசானிகளும் வாங்கிச் சீமைக்கு அனுப்பினார்கள். இன்று அதே அட்டைகள் இணைய ஏலக்கடைகளில் மறுபடியும் விலை போகின்றன. அன்று படத்துக்கு நின்றவனுக்கு இன்றைக்கும் பெயரில்லை. அட்டைக்கு மட்டும் விலை ஏறியிருக்கிறது.

கூலி என்றால் நமக்கு என்ன? உழைத்தவன் கைக்கு வரவேண்டிய பணம். அந்தச் சொல்லின் ஒலியையே வெள்ளைத் துரை மனிதனுக்குப் பெயராகச் சூட்டினான். 1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நம்மவரை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போயிற்று. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தத்தில் போனார்கள். ஆளுக்கொரு நம்பர் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 'கூலி' என்பது இந்தியர் அனைவரையும் இழிவுபடுத்தும் வசவாயிற்று. அதே வசவைத்தான் இன்று 'அரிய பழம்பொருள்' என்று சட்டம் போட்டு விற்கிறார்கள்!

இதைவிடக் கொடியதும் உண்டு. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்றது. சாப்பாடு கேட்டு வந்தவனைச் சர்க்கார் வேலைக்கு அனுப்பிற்று. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டியவை அந்தப் பட்டினிக் கைகளே. அதுதான் பக்கிங்காம் கால்வாய். அதன் வடபகுதி நம் மாவட்டத்துப் பழவேற்காடு வழியாகத்தான் போகிறது. ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று உத்தரவிட்டார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோ கூட இல்லை! அந்தப் பஞ்சத்தில் எலும்புக்கூடாகிப் போன குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்து ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி படம் பிடித்தார். அந்தப் படங்களும் ஏலத்துக்கு வந்திருக்கின்றன. பட்டினிக்குச் சோறு அளக்க மனமில்லாத சாம்ராஜ்யம், பட்டினியின் படத்தைச் சொத்தாக விட்டுப் போயிருக்கிறது.

"இது சரித்திரம், அழித்துவிடலாமா?" என்று சிலர் கேட்பார்கள். அழிக்கச் சொன்னது யார்? நாம் அல்ல! அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 'ஜிம் குரோ மியூசியம்' என்று ஒன்று இருக்கிறது. கறுப்பின மக்களைக் கேலி செய்யும் பொம்மைகள், உண்டியல்கள், விளம்பரங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன. அதை நிறுவிய டேவிட் பில்கிரிம் என்ற கறுப்பினப் பேராசிரியர், சிறுவயதில் தாம் வாங்கிய முதல் பொம்மையைத் தரையில் அடித்து உடைத்தவர். பிறகு அவரே சேகரிக்கத் தொடங்கினார். எதற்காக? வெறுப்பு எப்படித் தயாராகிறது என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காக. அங்கே பொருளின் பக்கத்தில் விளக்கம் இருக்கிறது. ஏலக்கடையில் விலை மட்டுமே இருக்கிறது. சரித்திரத்துக்கும் வியாபாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

"வியாபார சுதந்திரம்" என்பார்கள் வேறு சிலர். யாருடைய சுதந்திரம்? பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த அட்டையை நாலு காசுக்கு விற்கும் பழைய பேப்பர்க்காரர் நமக்கு விரோதி அல்ல. ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் எடுக்கும் பெருங்கம்பெனியைத்தான் கேட்கிறோம். முடியாத காரியமா இது? 2000-ல் பாரீஸ் நீதிமன்றம், யாகூ கம்பெனியின் ஏலத்தில் நாஜிப் பொருள்கள் பிரெஞ்சு மக்களுக்குக் கிடைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. 2001 தொடக்கத்தில் அந்தக் கம்பெனியே அவற்றின் ஏலத்தை நிறுத்திற்று. 2024 அக்டோபரில் இங்கிலாந்தின் ஏலக் கம்பெனி ஒன்று நாகா மனிதர் ஒருவரின் மண்டையோட்டையே ஏலத்துக்கு வைத்தது. மூவாயிரம் பவுனுக்கு மேல் போகும் என்று மதிப்பும் போட்டது. நாகா மக்கள் கொதித்தெழுந்தார்கள். கம்பெனி ஏலத்திலிருந்து அதை விலக்கிக்கொண்டது. மக்கள் குரல் கொடுத்த இடத்தில் கம்பெனி பின்வாங்குகிறது. வாய் திறக்காத இடத்தில் வியாபாரம் நடக்கிறது.

ஆனால் தோழர்களே, ஊரான் குற்றத்தை மட்டும் பேசிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. எழும்பூர் மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் கருவி வைத்து நம் மக்களின் மூக்கை அளந்தார். 1909-ல் ஏழு தொகுதிப் புத்தகம் போட்டார். இருளர் மக்களும் அதில் வகை பிரித்து வைக்கப்பட்டார்கள். துரை போய்விட்டார். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் இதே திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை மீட்க வேண்டியிருந்ததே! அவர்களை "ஏய்" என்று கூப்பிட்டது எந்தத் துரை? நம்மவர்தான்.

கும்மிடிப்பூண்டி இரும்பு உலையின் முன்னால் வேகிறவர் ஒடிசாக்காரர், பீகார்க்காரர். அவருக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, தாய் உண்டு. நாம் என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? "வடக்கன்!" அவ்வளவுதான். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பயந்து ரயில் ஏறியவர்கள் எத்தனை பேர்! பொய்யைப் பரப்பியது வேறு ஆட்கள்தான். ஆனால் நாம் பெயர் சொல்லிப் பழகியிருந்தால், அந்தப் பொய்யை நம்புவதற்கு முன் அவர் நம்மை ஒரு வார்த்தை கேட்டிருப்பார். நேற்று அட்டையில் அச்சடித்த "தமிழ்க் கூலி"க்கும் இன்று நம் நாக்கில் இருக்கும் "வடக்க"னுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் மனிதனின் பெயரை அழிக்கின்றன. பெயர் அழிந்தவனுக்குக் குறைந்த கூலி கொடுப்பது முதலாளிக்குச் சுலபம். அவன் கூலி குறைந்தால் நம் கூலியும் குறையும்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். இனத்தை இழிவுபடுத்தும் பொருள்களை அலங்காரச் சாமானாக விற்பதை இணையக் கம்பெனிகள் நிறுத்த வேண்டும். மனித எலும்பை விற்பது எந்த நாட்டிலும் கூடாது. பழைய அட்டைகளையும் பஞ்சப் படங்களையும் சர்க்கார் திரட்டி, எழும்பூர் மியூசியத்திலும் ஆவணக் காப்பகத்திலும் உரிய விளக்கத்தோடு மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

நம் பங்குக்கு ஒன்று செய்வோம். இலங்கைக்கும் மலேயாவுக்கும் போன பாட்டன் பாட்டி பெயரை வீட்டுக் கிழவரிடம் இன்றே கேட்டு எழுதி வைப்போம். நாளைக் காலை ஷிப்டில் பக்கத்தில் நிற்கும் ஒடிசாத் தொழிலாளியிடம் அவர் பெயரைக் கேட்போம். அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவோம்!