பக்கத்தில் இடமில்லாதவை

வார இதழில் பயிற்சிக்குச் சேர்கிறவர்கள் கைக்கு முதலில் வருவது தபால் கட்டு. பேட்டி, கட்டுரை எல்லாம் பிறகு. 50 பைசா அஞ்சலட்டை, உள்நாட்டுக் கடிதம், கோடு போட்ட நோட்டுத்தாளை நாலாக மடித்துத் திணித்த கவர் என்று இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பிரித்துப் படித்து, பிரசுரத்துக்குத் தேறுவதைத் தட்டச்சு செய்து, உதவி ஆசிரியர் அக்காவின் மேஜையில் வைக்க வேண்டும். "இதுக்கா ஜர்னலிசம் படிச்ச?" என்று கல்லூரித் தோழிகள் கேட்டார்கள். எனக்கு அந்த வேலை முதல் நாளிலேயே பிடித்துப்போனது.

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுவார். போன இதழின் சிறுகதையைப் பற்றி ஐந்தாறு வரி, கோணாத கையெழுத்து. அட்டையின் அடியில் மிச்சமிருக்கும் இடத்தில் பொடி எழுத்தில், "இங்கே மூணு நாளா மழை. பிடுங்கின கடலை களத்திலேயே கிடக்குது" என்று முடித்திருப்பார். அக்கா அந்தக் கடைசி வரியைப் பென்சிலால் அடித்துவிடுவார். கதையைப் பற்றிய கடிதத்தில் கடலைக்கு இடம் கிடையாது. அவர் அளவில் அது சரியான முடிவு. நான் அப்படி அடிபட்ட வரிகளைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்து வருகிறேன். கொழுந்தியாளுக்குக் குழந்தை பிறந்தது, பேருந்து நிறுத்தத்தை மாற்றிவிட்டார்கள், இந்த வருஷம் மாமரம் காய்க்கவே இல்லை. இதழுக்கு வேண்டாத செய்திகள். ஆனால் எழுதியவருக்கு அந்த வாரத்தில் நடந்தது அதுதான்.

அச்சுக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஃபாரம் என்றால் 16 பக்கம். பக்கத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தக் கணக்கில்தான் நடக்கும். யாரோ நன்றாக எழுதிவிட்டார் என்பதற்காக ஒரு பக்கம் கூடாது. இதழ் முடிக்கிற நாளில் அரைப்பக்க விளம்பரம் வந்து நின்றால் கட்டுரைதான் சுருங்க வேண்டும்.

தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடும் ஓர் அம்மாவைப் பற்றி நான் எழுதியதற்கு அதுதான் நடந்தது. "எட்டு வரி எகிறுது பாப்பா. எதைத் தூக்கலாம்?" என்று லே-அவுட் அண்ணன் கேட்டார். கொட்டாங்குச்சிக் கரி எங்கிருந்து வருகிறது, பெட்டி என்ன கனம், மாலையில் மணிக்கட்டில் அவர் எந்தத் தைலம் தேய்த்துக்கொள்கிறார் என்பதெல்லாம் போயிற்று. நின்றது அவர் சொன்ன ஒரு பேச்சு: "தினம் நாலு சட்டை வர்ற வீட்லேருந்து திடீர்னு ஒண்ணும் வரலைன்னா, அங்க யாருக்கோ வேலை போயிருச்சுன்னு தெரிஞ்சுக்குவேன்மா. நான் கேட்க மாட்டேன்."

அச்சாகி வந்ததைப் படித்தபோது கட்டுரை முன்பைவிட நன்றாக இருந்தது. அந்த ஒரு பேச்சு முழு வெளிச்சத்தில் நின்றது. வெட்டு எழுத்துக்கு நல்லது என்பதை எனக்கு அந்த எட்டு வரிகள் கற்றுக்கொடுத்தன. அதே சமயம், தைலத்தின் பெயர் எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் என்னை விடவே இல்லை.

அது போவதற்கு ஓர் இடம் இருந்தது. 2003 வாக்கில் தமிழில் வலைப்பூக்கள் வரத் தொடங்கின. எ-கலப்பை மாதிரியான இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டு, ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவைத்தார்கள். 2004-இல் தமிழ்மணம் திரட்டி வந்தது. யார் என்ன எழுதினாலும் ஒரே பக்கத்தில் தெரிந்தது. துபாயில் அறையைப் பகிர்ந்து தங்கியிருப்பவரும், டொராண்டோவில் பனி அள்ளிக்கொண்டிருப்பவரும், யாழ்ப்பாணத்து ஆசிரியரும், திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவரும் அடுத்தடுத்து வந்தார்கள். அதற்கு முன் இவர்கள் எல்லோரும் ஓர் இதழில் எழுத வேண்டுமென்றால் ஆசிரியரின் மேஜையைத் தாண்டியாக வேண்டும். முக்கால்வாசிப் பேரை அந்த மேஜை திருப்பி அனுப்பியிருக்கும்.

அந்தக் காலத்தில் நான் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். இப்போதுதான் விடுதி அறையில், வேலை முடிந்து வந்த பிறகு, ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கிறேன். பாதிக்கு மேல் சண்டை. யார் யாரைத் தாக்கினார்கள், எந்தப் பதிவுக்கு எது எதிர்வினை என்று இன்றைக்கு யாருக்கும் புரியாத வழக்குகள். ஒற்றுப் பிழைகளைச் சொல்லவே வேண்டாம். அவற்றை நான் வேகமாகத் தள்ளிவிட்டுப் போகிறேன். திடீரென்று ஒரு பதிவு கையைப் பிடித்து நிறுத்துகிறது.

2008-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. செய்தித்தாள்களில் எத்தனை மெகாவாட் பற்றாக்குறை என்பது வந்தது. கோவையில் இருந்த ஒரு பெண்மணி தன் வலைப்பூவில் மாவு அரைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். எத்தனை மணிக்கு மின்சாரம் போகும் என்ற அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அரிசியையும் உளுந்தையும் ஊறவைக்கிறார். உளுந்து பாதி அரைபடும்போது மின்சாரம் போய்விட்டால் என்ன ஆகும், அந்த மாவில் மறுநாள் இட்லி எப்படி இருக்கும், அதைச் சாப்பிட்ட மாமனார் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோனது எல்லாம் இருக்கிறது. கிரைண்டருக்குப் பேர்போன கோவையில், வீட்டு மாடத்தில் கிடந்த ஆட்டுக்கல்லை அவர் மறுபடி இறக்கிக் கழுவியிருக்கிறார். மின்வெட்டைப் பற்றி நான் படித்தவற்றில் மனத்தில் நிற்பது அதுதான். எந்த இதழின் ஆசிரியர் குழுவும் இந்த விஷயத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்காது. நான் இருக்கும் இதழும்தான்.

வலைப்பூவின் சுதந்திரம் அச்சுக்குப் புதிது என்றும் சொல்லிவிட முடியாது. 1965-இல் டெல்லியிலிருந்து 'கணையாழி' தொடங்கியபோது, ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் சுஜாதா எழுதிய கடைசிப் பக்கத்தில் படித்த கவிதை, பார்த்த படம், காதில் விழுந்த பேச்சு எல்லாம் வந்தன. ஒரு மனிதர் தன் வாரத்தையும் மாதத்தையும் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிற அந்தத் தொனிதான் பின்னால் நூற்றுக்கணக்கான வலைப்பூக்களில் கேட்டது. என்ன, அந்தப் பக்கத்துக்கு ஓர் அடிவிளிம்பு இருந்தது. அதற்குள் முடித்தாக வேண்டும். அதனால்தான் அதில் ஒரு சொல்கூட உபரியாக இல்லை.

வலைப்பூவுக்குக் கிடைக்காத இன்னொன்றும் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. ப்ரூஃப் பார்க்கும் ஐயா. கட்டுரைகள் யூனிகோடில் வருகின்றன. பக்கம் கட்டுகிற மென்பொருளில் பழைய எழுத்துரு. மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அவற்றை நேராக்குவதுதான் அவருடைய வேலை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஒரு கட்டுரையில், சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1967-இல் என்று இருந்தது. ஐயா சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தீர்மானம் நிறைவேறினது 67 ஜூலைம்மா. பேரு மாறினது 69 ஜனவரி 14, பொங்கலன்னைக்கு. ரெண்டையும் போடு, இல்லேன்னா ரெண்டாவதைப் போடு." இப்படி ஒருவர் நம் எழுத்தை நமக்கு முன்னால் படிக்கிறார் என்ற பாதுகாப்பு பெரிய சொத்து. வலையில் எழுதியவர்கள் அந்தத் துணை இல்லாமல் தனியாக எழுதினார்கள். அப்படியும் அவ்வளவு எழுதினார்கள் என்பதில் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆனால் அவை போய்க்கொண்டிருக்கின்றன. படிக்கப் படிக்க எனக்கு வருகிற பதற்றம் இதுதான். ஒரு பதிவில் சொல்லியிருக்கும் இன்னொரு பதிவுக்குப் போனால் பக்கம் இல்லை என்று வருகிறது. படங்கள் இருந்த இடத்தில் வெறும் கட்டம். வலைப்பூக்களை ஒரே இடத்தில் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. அதற்கு முன்பே எழுதுகிறவர்கள் பலர் முகநூலுக்குப் போய்விட்டார்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கக்கூடும் என்று 2023-இல் கூகுள் அறிவித்தது. வலைப்பூ எழுதியவர்களில் காலமானவர்கள் இருக்கிறார்கள். கடவுச்சொல்லை மறந்தவர்கள் அதிகம். எந்தக் கணக்கு எப்போது போகும் என்று யார் காவல் இருப்பது?

அச்சு தப்பித்துவிட்டது என்று நாங்களும் நிம்மதியாக இருக்க முடியாது. 1941-இல் தொடங்கிய 'கல்கி' 2020-இல் கொரோனா முடக்கத்தோடு அச்சை விட்டு இணையத்துக்குப் போனது. அச்சில் வருகிற இதழ்களிலும் பயிற்சி நிருபர்கள் எழுதுவதில் பெரும்பகுதி இணையத்தில் மட்டும்தான் வெளியாகிறது. இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய இணைப்புகள் அறுந்துபோவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு சீனியர் அண்ணன் தன்னுடைய முதல் கட்டுரையைத் தேடினார், கிடைக்கவில்லை. காகிதத்தில் வந்திருந்தால் அவருடைய அம்மாவாவது பீரோவில் வைத்திருப்பார்.

நான் சொல்ல நினைப்பது அந்த பீரோவைப் பற்றித்தான். 1950-களில் 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, வாரா வாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். மணியம் வரைந்த படங்களோடு அந்தத் தொகுதிகள் இன்றும் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சம்பாதித்ததை வைத்துப் பழைய நூல்களையும் இதழ்களையும் நோட்டீஸ்களையும் வாங்கிச் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தபோது சேகரிப்பு ஏறக்குறைய ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் அதை 1994-இல் வாங்கியதால், இன்று சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் யாராவது சேர்த்து வைப்பார்களா? அவர் வைத்தார்.

இன்னும் பின்னால் போனால் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை, ஊரில் யார் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று வெட்டுவதற்கு ஆளில்லாமல் எழுதிய எழுத்து. ஏறக்குறைய 85 ஆண்டுகள் அது வெளியுலகத்துக்குத் தெரியாமல் கிடந்தது. 1846-இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் படியெடுக்க வைத்திராவிட்டால், 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் அன்றாடம் நமக்குக் கிடைத்திருக்காது.

காகிதம் தானாகவே நின்றுவிடும் என்று சொல்லமாட்டேன். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஈழத்து நூல்களையும் சிறு பத்திரிகைகளையும் மின்வடிவில் காப்பாற்ற 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் வலையில்தான் இயங்குகிறது. ஆக, காகிதத்திலும் திரையிலும் யாரோ ஓர் ஆள் உட்கார்ந்து சேர்த்தால்தான் எழுத்து இருக்கும். வலைப்பூக்களுக்கு இன்னும் ஒரு கோட்டையூர்க்காரர் வரவில்லை.

ஆசிரியர் சாரிடம் ஒரு பக்கம் கேட்டேன். பழைய வலைப்பூக்களிலிருந்து, அன்றாடத்தைச் சொல்லும் பதிவு வாரத்துக்கு ஒன்று. அவர் ஒரே நிபந்தனை வைத்தார்: "எழுதினவங்க அனுமதி வேணும். இணையத்துல சும்மா கிடக்குன்னு எடுத்துப் போடக் கூடாது." ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் காப்புரிமை இருக்கிறது என்பதைச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அவர் கேட்டிருப்பார். மின்னஞ்சல்களை அனுப்பத் தொடங்கினேன். பாதி திரும்பி வந்தன. கோவைப் பெண்மணியிடமிருந்து பதில் வந்தது. "அது இன்னும் இருக்கா? நான் பார்த்தே வருஷக்கணக்காச்சு கண்ணு. போட்டுக்கோங்க. மாமனார் எழுந்துபோனதை மட்டும் எடுத்துடுங்க, அவர் இப்ப இல்லை" என்று எழுதியிருந்தார். அந்த வரியை எடுத்தே போடுகிறோம். அடுத்த இதழில் வருகிறது.

இதைப் படிக்கிறவர்களில் வலைப்பூ எழுதியவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். ப்ளாகரில் அமைப்புகள் பகுதிக்குள் போனால் காப்பு நகல் எடுக்கும் வசதி இருக்கிறது. எழுதியதெல்லாம் ஒரே கோப்பாக இறங்கும். படங்களைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் மறந்திருந்தால், பதிவுகளைத் திறந்து ஒவ்வொன்றாகவேனும் பிரிண்ட் எடுத்து பைண்ட் செய்யுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டால்கூடப் போதும். அப்பா, அம்மா, அக்கா யாராவது எழுதிக்கொண்டிருந்தது நினைவிருந்தால் அந்த வலைப்பூவின் முகவரியை அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். இதழின் முகவரிக்கு, 'பழைய பதிவு' என்று உறைமேல் குறித்து. தபால் கட்டை நான்தான் பிரிக்கிறேன்.