உம்மாவுக்குப் பிரஷர் என்றுதான் ஊருக்குச் சொன்னோம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஊர் மக்கள், குறிப்பாகப் பெற்றோரும் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வாப்பா மௌத்தான பிறகு உம்மா இத்தா இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்தும் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாடு குறைந்தது. சுபஹுக்கு வெகுநேரம் முன்பே விழித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேரப்பிள்ளைகள் மடியில் ஏறி இருந்தாலும் தடவிக் கொடுக்கக் கை எழும்பாது. பார்க்க வந்தவர்கள் "எவ்வளவு சபரான மனுசி" என்று சொல்லிப் போனார்கள். பிள்ளைகள் நாங்களும் அதையே நினைத்தோம். அது ஒரு வருத்தம் என்று எங்களுக்கு விளங்க எட்டு மாதம் எடுத்தது.

அந்த எட்டு மாதத்தில் ஓதிப் பார்த்தோம். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். செய்வினை எடுக்கிறேன் என்று வந்த ஒருவருக்குக் காசும் கொடுத்தோம். கடைசியில்தான் கிளினிக் போனோம். அதுவும் நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு இல்லை. இங்கே கிழமைக்கு ஒரு நாள் மனநல கிளினிக் நடக்கிறது, குளிசையும் இலவசம். ஆனால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று பயந்து, விடிய முதல் வேன் பிடித்து மூன்று மணித்தியாலம் தள்ளியுள்ள ஊருக்குக் கொண்டு போனோம். ஊரில் கேட்டவர்களுக்கு "உம்மாவுக்குப் பிரஷர்" என்றோம்.

அங்கே கிளினிக் வாங்கில் நம் ஊர்க் குடும்பம் ஒன்றும் இருந்தது. அவர்களும் வேனில்தான் வந்திருந்தார்கள். இரண்டு குடும்பமும் ஸலாம்கூடச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

இன்று உம்மா நல்லா இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். இதை எழுதச் சொன்னதே உம்மாதான். "நம்மட ஊட்ட நடந்தத எழுதுங்க, ஆருக்காவது உதவும்" என்றார்.

சகோதர சகோதரிகளே, மனநலத்தைப் பற்றித் திறந்து பேச வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சுமையை நோயாளியின் தலையில் வைப்பது நியாயமா? பேசுவதற்குப் பயப்படும்படி ஊரை வைத்திருப்பது நாம்தானே. சீனி வருத்தம் என்றால் அடுத்த வீட்டுக்காரர் கறிவேப்பிலைச் சம்பல் கொண்டு வந்து தருகிறார். மனதில் வருத்தம் என்றால் "அங்கொடைக்கு அனுப்பணும்" என்று பகிடி பண்ணுகிறோம். ஆசிரியர் அறையில் இருந்து கல்யாண வீடு வரை இந்தப் பகிடி ஓடுகிறது. அதைக் கேட்டுச் சிரிக்கிற கூட்டத்தில் குளிசை பாவிக்கிற ஒருவரும் சேர்ந்து சிரிக்கிறார். அவர் பிறகு எப்படி வாய் திறப்பார்?

குமர்ப் பிள்ளை இருக்கும் வீட்டாரின் பயமும் வெறும் பயமில்லை. "உம்மாவுக்கு மூளைக் கோளாறாம்" என்ற ஒரு சொல்லில் பேசி வந்த சம்பந்தம் நின்றுபோகும். நாங்கள் மூன்று மணித்தியாலம் ஓடியதும் தங்கச்சியின் கல்யாணத்தை நினைத்துத்தான். ஆகவே மாற வேண்டியது விசாரிக்கப் போகிறவர்கள். குளிசை குடித்துத் தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை, பிரஷருக்குக் குளிசை குடிப்பவரைப் போலவே எடை போடப் பழகுவோம்.

ஈமான் குறைந்தவர்களுக்குத்தான் இது வரும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மகன் யூஸுஃபை இழந்த துக்கத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதை சூரா யூஸுஃபில் ஓதுகிறோம். ஒரு நபியின் ஈமானை யாராவது குறை சொல்வோமா? கி.பி. 934இல் வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றி எழுதிய நூலில், காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாமல் உடலுக்குள் இருந்து வருகிற துக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டி, இரண்டுக்கும் வைத்தியம் சொல்லியிருக்கிறார். ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை, துஆ நமது பலம். ஆனால் மருந்து தேடச் சொன்னதும் நமது மார்க்கம்தான். மார்பு வலிக்கு ஓதிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோமே, இதற்கும் அப்படியே ஓடுவோம்.

எங்கள் அனுபவத்தில் இருந்து சில விஷயங்கள். கவலை எல்லோருக்கும் வரும். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் சோர்ந்து, தூக்கமும் பசியும் மாறி, முன்பு விரும்பியதில் எல்லாம் விருப்பம் விட்டுப் போனால் டொக்டரிடம் காட்டுங்கள். குளிசை தொடங்கிய உடனே சுகம் தெரியாது, சில கிழமைகள் எடுக்கும். சுகம் வந்ததும் நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். நாங்கள் அப்படி நிறுத்தித்தான் உம்மா மறுபடி விழுந்தார்.

யாராவது "நான் இருந்து என்ன பயன்" என்று சொன்னால் அதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல் பக்கத்தில் இருந்து கேளுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தற்கொலைக்கு முயற்சிப்பது நம் நாட்டில் 1998 முதல் குற்றமில்லை. பொலிஸுக்குப் பயந்து ஒரு உயிரை வீட்டுக்குள் மறைத்து வைக்க வேண்டியதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை பேச்சைக் குறைத்துவிட்டால் "அமைதியான, அடக்கமான பிள்ளை" என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதிக் கொடுக்கிறோம். சத்தம் போடுகிற பிள்ளையின் வாப்பாவைத்தான் கூப்பிட்டு அனுப்புகிறோம். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை ஏன் அமைதியானது என்று இனி கேட்போம், இன்ஷா அல்லாஹ். ஓ.எல், ஏ.எல் றிசல்ட் வருகிற நாட்களில் அடுத்தவர் பிள்ளைக்கு எத்தனை ஏ என்று விசாரிப்பதைப் பெற்றோரும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

பள்ளி நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒரு ஜும்ஆ குத்பாவையாவது இதற்கு ஒதுக்குங்கள். தொழுகை முடிந்து நம் ஊர் மனநல வைத்திய அதிகாரி பத்து நிமிடம் பேசட்டும். கிளினிக் நாள் எது என்று பள்ளி மைக்கில் அறிவியுங்கள். கண் கிளினிக்குக்கு அறிவிக்கிறோம்தானே.

அந்த வாங்கில் இருந்த குடும்பத்துக்கும் ஒரு சொல். உங்களை அன்று கண்டும் காணாதது போல் இருந்ததற்கு மாப்பு கேட்கிறோம். எங்கள் உம்மா இப்போது நம் ஊர் கிளினிக்குக்கே போகிறார், பகலில், எல்லோரும் பார்க்க. நீங்களும் வாருங்கள், ஸலாம் சொல்லிப் பக்கத்தில் இருப்போம்.

யா அல்லாஹ், கவலையாலும் துக்கத்தாலும் வாடுகிற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. ஆமீன்.