வாடைக்கு அஞ்சுதும்

ஐப்பசி பிறந்ததும் நமக்குள் அச்சமும் பிறந்துவிடுகிறது. வானம் முழுதாக மூடுமுன்னரே பரண்மேற் கிடந்த கம்பளிக் குல்லாய் கீழிறங்கிவிடும். சென்னையில் தை மாதத்து விடியலிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். குளிர்நாட்டார் இதனைக் கோடை என்பர். நாமோ கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, எலும்பைத் துளைக்கிறது என்கிறோம். வைகறைத் தொழுகைக்கு ஒளுச் செய்யக் குழாயைத் திறக்கும் கை, நீர் படுமுன்னரே பின்வாங்குகிறது.

இவ்வச்சம் நம் காலத்துப் புதுமையன்று. ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த முன்னோர், கூதிர், முன்பனி, பின்பனி என மூன்றனைக் குளிருக்கே ஒதுக்கினர். வெயிலில் வாழ்ந்த இனத்திற்கு இது சற்று மிகையே! 188 அடிகளால் அமைந்த நெடுநல்வாடையில் மாந்தர் தண்ணீரை விலக்கி நெருப்புச் சட்டியை நாடுகின்றனர். விசிறி சிலந்தி நூல் படிந்து தொங்குகிறது. பால் உண்ண வந்த கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. மார்கழி விடியலில் நம்மை எழுப்ப வருவோர் பெறும் வரவேற்பும் ஏறத்தாழ இதுவே.

ஆயினும் நக்கீரர் அரண்மனைக்குள் நுழையுமுன் மழையில் நனைந்த கோவலரைக் காட்டுகிறார். கையில் கொள்ளி இருந்தும் அவர்தம் கன்னம் நடுங்குகிறது. நம் குல்லாய்க் குளிர் வேறு. கடைத் திண்ணையில் சாக்கைப் போர்த்துக் கிடப்பவரின் குளிர் வேறு.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை மேடைதோறும் புகழ்கிறோம். அவனால் பிரியப்பட்ட மனைவி கண்ணகிக்காகக் கபிலரும் பரணரும் பாடியதை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறோம். மயிலுக்கு இரங்குதல் எளிது. அது மறுபேச்சுப் பேசாது.

நம் விழாக்களில் நடப்பதும் இதுவே. மின்விசிறியின் கீழும் வியர்த்து நிற்கும் பேச்சாளர்க்கு நண்பகலில் பொன்னாடை போர்த்துகிறோம். வாயிலில் இரவெல்லாம் பனியில் அமர்ந்திருக்கும் காவலருக்குப் போர்த்த எவருக்கும் தோன்றுவதில்லை. இனிப் பொன்னாடைச் செலவைக் கம்பளிக்கு மாற்றலாம் என்பது நம் கருத்து. பேச்சாளர் எவரும் வருந்தமாட்டார். நம் பெட்டியிலேயே ஏழு பொன்னாடைகள் கிடக்கின்றன. ஒன்றேனும் குளிர் தாங்காது.