இருவர் நடக்க ஒரு கரை

கடல் என்றால் பாறையில் மோதும் அலைதானே நினைவுக்கு வருகிறது? புதுக்கோட்டைச் சீமையில் கதையே வேறு! பாறையெல்லாம் உள்நாட்டில், மணமேல்குடிக் கடலோ குளம் போலக் கிடக்கிறது. பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு அல்லவா?

அக்கினி நட்சத்திரம் கழிந்ததும் நானும் என் கணவரும் புறப்பட்டோம். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம்: சமண முனிவர்களின் கற்படுக்கைக்குப் போகப் பாறையில் வெட்டிய ஏழு குழிகள்தாம் படி. கடைத்தெருவில் எப்போதும் பத்தடி முன்னால் போகிறவர், அங்கே நின்று கை நீட்டினார்! மறுநாள் 1687-ல் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டையில் சேர்ந்தே ஏறினோம்.

மகளை வெளியூரில் படிக்க வைப்பதா என்று ஆறு மாதமாக வீட்டில் இழுத்த வழக்கு, மணமேல்குடி மணலில் அரை மணியில் தீர்ந்தது. அனுப்புவது என்றே தீர்ப்பு!

சகோதரிகளே, சில பேச்சுக்குக் கூடம் போதாது, நடக்கத்தான் வேண்டும். குடையும் கட்டுச்சோறும் மறவாதீர்கள்!