பாண்டியாவும் நம் பாலகரும்

கண்டி மாநகரை அடுத்த பல்லேகலை மைதானத்திலே 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் நடந்ததை இந்நகரத்தார் இன்னும் மறந்திலர். முதல்நாள் மாலை ஓர் ஓட்டத்தோடு நின்றிருந்த ஹார்திக் பாண்டியா என்னும் இந்திய இளைஞர், மறுநாள் பகலுணவு வேளைக்குள் மேலும் 107 ஓட்டங்களைக் குவித்தார். புஷ்பகுமார வீசிய ஓர் ஓவரில் மட்டும் 26! அவருக்கு அது மூன்றாவது டெஸ்ட் ஆட்டம். நம் அணி இன்னிங்ஸ் தோல்வி கண்டது. வருத்தமே, ஆயினும் நல்லாட்டத்துக்குக் கைதட்டினோம். இந்தியனுக்குக் கைதட்டுகிறவன் எந்நாட்டவன் என்று கேட்போரும் உளர். அக்கேள்விக்கு 1948 முதல் விடையிறுத்துக் களைத்த இனம் நம்மினம்.

பின்னர் அவர் வாழ்வு நேர்வழியே செல்லவில்லை. 2018இல் முதுகில் காயம். அடுத்த ஆண்டு அறுவைச் சிகிச்சை. 2024இல் மும்பை அணியின் தலைமையை ஏற்றதற்காகச் சொந்த மைதானத்திலேயே ஏளனக் கூச்சல் கேட்டார். விசாரணையின்றி வழங்கிய தீர்ப்பு அது! அதே ஆண்டு ஜூன் 29ஆம் நாள், பார்படோசில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் கடைசி ஓவரை அவரே வீசினார். தென்னாப்பிரிக்காவுக்கு வேண்டியிருந்த 16 ஓட்டங்களைக் கொடாது காத்தார். மேன்முறையீடு வென்றது.

ஆனால் நம் நெஞ்சில் நிற்பது அவரது இளமைக் காலமே. சூரத்தில் நடத்திய சிறு தொழிலை மூடிவிட்டு, மைந்தர் இருவரின் பயிற்சிக்காகவே தந்தை வடோதரா நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே முன்னாள் விக்கெட் காப்பாளர் கிரண் மோரே முதல் மூன்றாண்டுகள் கட்டணம் வாங்காது கற்பித்தார். தந்தையின் துணிவும் அம்மூன்றாண்டும் இல்லையேல் பல்லேகலையில் அந்தச் சதமும் இல்லை.

“கண்டியிலிருந்து முத்தையா முரளிதரன் தோன்றவில்லையா?” என்பர். தோன்றினார்; 800 விக்கெட்டுகள் வீழ்த்தினார். நமக்குப் பெருமைதான். ஆனால் அவர் தந்தை நகரில் பிஸ்கட் தொழில் நடத்தியவர். மகன் பயின்றது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி. லயத்துப் பிள்ளைக்கு இவற்றுள் எது உண்டு? அவன் கண்முன்னே மலைச்சரிவெல்லாம் தேயிலை. கிடைத்த பலகையே மட்டை; பந்து உருண்டு பள்ளத்தில் விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு லயத்துக்கு வரும் கனவான்களை நாம் கேட்போம்: எங்கள் தோட்டப் பாடசாலைக்குச் சமநிலம் எங்கே? பயிற்றுநர் எங்கே? எத்திங்களில் வருவார்? விடையை எழுத்தில் வாங்கிக் கையொப்பமும் பெறுவோம்.