இடிந்த கோவிலின் முன்னே



மெக்சிக்கோவின் கிழக்குக் கரைக்கு அப்பால், கரீபியன் கடலில் உள்ளது கொசுமேல் தீவு. அதன் நடுவே, சான் கேர்வாசியோ என்னுமிடத்தில், பண்டைய மாயா மக்களின் வழிபாட்டிடங்கள் இடிந்து கிடக்கின்றன. மகப்பேற்றுக்குரிய தெய்வமாகிய இஷ்செலிடம் பிள்ளை வரம் வேண்டி, மாயாப் பெண்கள் படகேறி இத்தீவுக்கு வந்தனர். இன்று அங்கு வருவோர் சுற்றுலாப் பயணிகளே.

1519இல் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் இத்தீவில் இறங்கினார். மாயா மக்களின் விக்கிரகங்களைத் தகர்த்து, சிலுவையையும் மரியன்னையின் சொரூபத்தையும் நிறுவினார். பின்னர் ஐரோப்பியரோடு வந்த பெரியம்மை நோய் தீவு மக்களை வாரிக்கொண்டது. 1562இல், யுக்கத்தான் பெருநிலத்திலுள்ள மானி என்னும் ஊரில், தியேகோ தெ லாந்தா என்ற பிரான்சிஸ்கன் துறவி மாயா நூல்களைத் தீயிலிட்டார். நாம் எருசலேமுக்கும் உரோமைக்கும் திருயாத்திரை செல்வது போலவே அம்மக்கள் கொசுமேலைப் போற்றினர் என்று பின்னர் எழுதி வைத்தவரும் அவரே! அழித்தவரும் அம்மக்களின் பக்தியை அறிந்தவரே. இதுவன்றோ நம் நெஞ்சை உறுத்த வேண்டியது?

திருத்தூதர் பவுல் ஏதென்சு நகரின் பீடங்களை இடிக்கவில்லை. அவற்றைக் கண்டு, அம்மக்களின் இறைதேடலிலிருந்தே தம் போதனையைத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், பிற மக்களின் உரிமைகளுக்கும் பண்பாடுகளுக்கும் எதிராகத் திருச்சபையின் பிள்ளைகள் இழைத்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

பிள்ளைக்காக அக்கற்களின் முன் அழுத தாயின் கண்ணீரை, எல்லாரையும் படைத்த தந்தை காணாதிருந்திருப்பாரா? பிறர் தொழுத இடத்தில் காலடி வைக்கும்போது, புகைப்படம் எடுக்குமுன் ஒரு கணம் தலைதாழ்த்தி நிற்போம். அது நம் விசுவாசத்தைக் குறைக்காது, தூய்மையாக்கும்.